தவழ்வது தெரியும் தூரம்

நடக்கிற ஆள் தெரிகிறான். தவழ்கிற பிள்ளை தெரியவில்லை. இது எப்படி என்பதுதான் பெரியவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது மாடிப் பால்கனியில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எதிரே ஒரு வெற்று மைதானம். அதைத் தாண்டிப் போகும் சாலையில் பழைய பேப்பர்காரன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். இங்கிருந்து பார்க்கக் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தான்.

"போறான்," என்றாள் சின்னவள்.

"யாருடி?"

"வண்டிக்காரன். அதோ. இப்ப நின்னுட்டான். யாரோ கூப்பிட்டிருப்பாங்க போல. ஆங், மறுபடி தள்றான்."

பெரியவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தங்கை சொன்னது அத்தனையும் சரி. அவன் நின்ற கணத்தில் நின்றான் என்றாள், கிளம்பிய கணத்தில் கிளம்பினான் என்றாள். சின்னவளின் கண்ணில் எதுவும் அசைந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதனால்தான் பெரியவள் அவளையே திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளை பிறந்து சில வாரங்களில் சின்னவளுக்குத் தாங்க முடியாத தலைவலி வந்தது. தலையின் பின்பக்கக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டாள். கை கால் விளங்கின, பேச்சு வந்தது, முகங்கள் அடையாளம் தெரிந்தன, செய்தித்தாள் படிக்க முடிந்தது, பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருந்தது. ஆனால் இரண்டு காதுகளுக்கும் பின்னால், கொஞ்சம் மேலே, ஒரு நாணயத்தின் அகலத்துக்கு மூளை பட்டுப்போயிருந்தது. அந்த இடத்துக்கு இருந்தது ஒரே வேலை. கண் அனுப்புகிற படங்களில் எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வது.

ஆகவே சின்னவளுக்கு உலகம் முழுசாகத் தெரிந்தது, ஓடுவது மட்டும் நின்றுவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குச்சி மாதிரி நிற்கும். வாளி காலியாக இருக்கும். அடுத்து பார்த்தால் வழிந்து கால் நனைந்திருக்கும். கதவருகே நின்ற கணவன் நடுவில் எங்கும் வராமல் பக்கத்தில் வந்து நிற்பான். பேசுகிறவர்களின் வாய் அசையாது, சத்தம் மட்டும் வரும். "எல்லாரும் போட்டோ மாதிரி நிக்கிறீங்க, போட்டோவுக்குப் பின்னாடி யாரோ பேசுறாங்க," என்று ஆஸ்பத்திரியில் அவள் சொன்னபோது அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவுக்கு இது புரிந்த அளவுக்கு அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் புரியவில்லை. அதுவே ஒரு கொடுமை. அவள் பிழைப்பே அதுதான். ஈக்கள் அசைவை எப்படிப் பார்க்கின்றன என்று ஆராய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. கல்யாணமான புதிதில் தங்கையின் கணவன் கேட்டான்: "அக்கா, ஆபீஸ்ல என்ன பண்றீங்க?" சின்னவள் முந்திக்கொண்டு சொன்னாள்: "ஈ ஓட்டுறா. அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க." அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஈக்காரி என்றே பெயர்.

உண்மையிலேயே ஓட்டத்தான் செய்தாள். ஒரு ஈயின் முதுகில் ஒரு சொட்டு மெழுகை வைத்து மெல்லிய கம்பியில் ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கோடுகள் சுற்றிவரும் ஒரு சிறிய உருளையின் நடுவில் தொங்கவிடுவாள். கோடுகள் வலப்பக்கம் ஓடினால் ஈ வலப்பக்கம் திரும்பச் சிறகடிக்கும். பறக்கிற ஒன்றுக்கு உலகமே வலப்பக்கம் நகர்கிறது என்றால், காற்று தன்னை இடப்பக்கம் திருப்பிவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யத்தான் அந்தத் திரும்பல். ஈயின் மூளை கடுகை விடச் சிறியது. இருந்தும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது.

எப்படிப் போடுகிறது என்பதைப் பெரியவள் யாருக்குச் சொன்னாலும் காவலாளிக் கதையாகத்தான் சொல்வாள். ஒரு தெருவில் அடுத்தடுத்த வாசல்களில் இரண்டு காவலாளிகள். தன் வாசலை யாராவது கடந்தால் ஆளுக்கொரு தூதனை மேற்பார்வையாளரிடம் அனுப்புவார்கள். முதல் வாசல்காரனின் தூதன் மெதுவாக நடப்பவன், இரண்டாம் வாசல்காரனின் தூதன் ஓடுபவன். தெருவில் போகிறவன் முதல் வாசலைத் தாண்டி இரண்டாம் வாசலுக்கு வரும்போது, இரண்டு தூதர்களும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் மேற்பார்வையாளர் கத்துவார்: "யாரோ இந்தப் பக்கமாப் போறாங்க!" எதிர்த்திசையில் வந்தால் தூதர்கள் சந்திக்கவே மாட்டார்கள், அவர் வாயைத் திறக்க மாட்டார். ஈயின் கண்ணில் இப்படி ஆயிரக்கணக்கான வாசல்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. போகிறவன் தலைதெறிக்க ஓடினாலும் தூதர்கள் ஒருவரை ஒருவர் தவறவிடுவார்கள், ஆமையாக ஊர்ந்தாலும் தவறவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு உயிருக்கும் தெரிகிற வேகம் என்று ஓர் எல்லை இருக்கிறது. பூவின் மேல் அந்தரத்தில் அப்படியே நிற்கிற ஈக்கு மிக மெதுவான நகர்வு தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் தான் நகர்ந்துவிட்டதே அதற்குத் தெரியாது. விர்ரென்று பறக்கும் தேனீக்கு வேகமான நகர்வு தெரிய வேண்டும். மனிதருக்கு இந்த எல்லை ரொம்ப அகலம், ராஜபாட்டை. சின்னவளுக்கு அது அடைபட்டு ஒரு சந்து மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்தச் சந்து எது என்று பெரியவள் முன்பே பார்த்திருந்தாள். கூடத்திலிருந்து கோடு போட்ட காகிதம் கொண்டுவந்து தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்து இழுத்தாள். வேகமாக இழுத்தால் சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். நத்தை வேகத்தில் இழுத்தால், "ஆமா, இடப்பக்கம் போகுது," என்றாள். ஆக, மெதுவானது தெரியும், வேகமானது தெரியாது. மூளையில் பட்டுப்போகாத வேறு பகுதிகள் எப்படியோ அந்த மெதுவான வேலையைச் செய்துகொடுக்கின்றன. இதுவரை சரி.

அப்படியென்றால் பேப்பர்காரன் எப்படித் தெரிந்தான்? அவன் நடக்கிறான். பிள்ளை தவழ்கிறது. நடப்பவனை விடத் தவழ்வது மெதுவு. மெதுவானதுதானே தெரிய வேண்டும்? இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

விடை தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைச் சின்னவளின் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சின்னவள் அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கித் திரும்பினாள். பிள்ளை அறை வாசலில் இருந்தது, பார்த்தாள். அடுத்து அது அவள் பாதத்தின் மேல் இருந்தது. அலறினாள், பாத்திரம் சாய்ந்தது. நல்லவேளை, பிள்ளையின் கணுக்காலில் கொஞ்சம் பட்டதோடு போயிற்று. கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் சின்னவளின் கணவன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டிய வேலை. "நான் வீட்ல இருந்து பாத்துக்கவும் முடியல, போனா மனசும் இருப்புக் கொள்ளல. எங்க அக்காகிட்ட கொஞ்ச நாள் இருக்கட்டும். நடந்து, நாலு வார்த்தை பேசி, 'அம்மா நான் இங்க இருக்கேன்'னு சொல்ற வரைக்கும்."

சின்னவள் மறுத்துப் பேசவில்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் வலித்தது.

மணி கட்டிப் பார்க்காமல் இல்லை. பிள்ளையின் காலில் ஒரு சின்ன மணி கட்டினார்கள். "பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு ஊர்ல கேப்பாங்க, நாம குட்டிக்கே கட்டிட்டோம்," என்று கணவன் சிரிக்க வைக்கப் பார்த்தான். அந்தச் சிறிய அறையில் மணிச் சத்தம் நாலு சுவரிலும் மோதி, பிள்ளை எங்கும் இருப்பது போலக் கேட்டது. சின்னவள் அசையாமல் நின்று காலைத் தூக்கக்கூடப் பயந்தாள். பிள்ளையோ மணியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது. கழற்றிவிட்டார்கள்.

பால்கனியிலிருந்து எழுந்தபோது சின்னவள் சொன்னாள்: "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அவ தவழ்ந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு உடம்புக்கு வந்தப்புறம்தானே தவழ ஆரம்பிச்சா. அங்க இருக்கா, இங்க இருக்கா, மேசைக்கடியில இருக்கா. எல்லாம் படம் படமாத்தான். நடுவுல என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது. அவரு பாத்துருக்காரு, நீ பாத்துருக்க, பக்கத்து வீட்டம்மா பாத்துருக்காங்க. பெத்தவ நான் பாக்கல."

பெரியவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை ஓடவில்லை. பக்கத்து மேசையில் தேரைகளை வைத்து ஆராய்கிறவர் இருந்தார்; எல்லோருக்கும் அவர் தேரைக்காரர். அவர் தேரைகள் விநோதமானவை. ஒரு சின்ன அட்டைத்துண்டை நீளவாக்கில் நகர்த்தினால் புழு என்று பாய்ந்து நாக்கை நீட்டும். அதே துண்டைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்தினால் திரும்பியும் பார்க்காது. சுற்றிலும் செத்த புழுக்களைக் குவித்து வைத்தாலும் பட்டினி கிடக்கும், ஏனென்றால் அசையாதது அதற்குச் சாப்பாடே இல்லை.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் தேரைக்காரர். "ஈயெல்லாம் செத்துப்போச்சா? இருக்கறதைக் குடுங்க, என் தேரைக்குப் போடுறேன். ரெண்டு பேர் ஆராய்ச்சியும் ஒரே வாய்ல முடிஞ்சிடும்."

பெரியவள் பேப்பர்காரன் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேலியை விட்டுவிட்டு மோவாயைத் தடவினார்.

"வண்டி பெருசு, பிள்ளை சிறுசு. என் தேரைக்கு அளவுதான் எல்லாம்."

"அவ புருஷன் பிள்ளையை விடப் பெரிய ஆள்தானே? அவர் வீட்டுக்குள்ள நடந்தாலும் தெரியல."

"அப்ப வெளிச்சம். வெளியில வெயில், உள்ள இருட்டு. மங்கின வெளிச்சத்துல எந்தக் கண்ணும் மந்தமாத்தான் வேலை செய்யும்."

இது கொஞ்சம் பொருந்துவது போல இருந்தது. அடுத்த நாள் காலையிலேயே பெரியவள் போய்ப் பால்கனி வெயிலில் பாயை விரித்துப் பிள்ளையை விட்டாள். பிள்ளை பாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போயிற்று. சின்னவள் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்க இருந்தா. இப்ப அங்க இருக்கா." அவ்வளவுதான். வெளிச்சமும் காரணம் இல்லை.

கூடத்தில் பெரியவளுக்கு வேகம் என்றால் ஒரு திருகாணி. அதைத் திருப்பினால் உருளை வேகமாகச் சுற்றும், குறைத்தால் மெதுவாகச் சுற்றும். ஈ கம்பியில் ஒட்டியிருக்கிறது. அது எங்கும் போகாது. ஈக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு சாண் மாறவில்லை. மாறாத ஒன்றை மனம் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் கோட்டுக் காகிதத்தைப் பிடித்தபோதும் அவள் அறியாமலே அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் பிடித்தாள். இதெல்லாம் பிற்பாடு யோசித்தபோது தெரிந்தது. அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, தங்கை, பிள்ளை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கணவனுக்கு எங்கோ லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டதாக விடியற்காலையிலேயே போன் வந்திருந்தது. போக மனமில்லாத இடத்துக்குப் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தவன் போல, தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிப் போனான்.

சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிற்று. தூங்குகிற பிள்ளையைப் பார்க்க அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. காது மடலை நீவினாள், நெற்றி முடியை ஒதுக்கினாள், விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிள்ளை தூங்கும்போது மட்டும் அவள் முழு அம்மா.

ஊர் எல்லையைத் தாண்டியதும் பஸ் வேகமெடுத்தது. சின்னவள் வெளியே பார்த்தாள்.

"கம்பம் இருக்கு. இல்ல. இருக்கு. இல்ல," என்று முணுமுணுத்தாள். சாலையோர விளக்குக் கம்பங்கள். "தலை சுத்துதுக்கா."

"கிட்ட பாக்காத. தூரமாப் பாரு."

எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற யோசனைதான், வாந்தி வராமலிருக்க. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். பிறகு சின்னவளின் கை அவள் முழங்கையைப் பிடித்தது.

"அக்கா. அந்தக் கோபுரம் நடந்து போகுது."

வயல்களுக்கு நடுவே, வெகு தூரத்தில், மின்சாரம் கொண்டுபோகிற இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. பஸ் முன்னால் போக அவை ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின.

"எப்படிப் போகுது? விட்டு விட்டா?"

"இல்லக்கா. வழுக்கிட்டு. முன்ன மாதிரியே." சின்னவள் நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டாள். "எல்லாம் சேர்ந்து நடந்து போகுதுங்க."

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்பமும் நிற்கிறது, கோபுரமும் நிற்கிறது. நகர்வது பஸ் ஒன்றுதான், அதற்கு வேகமும் ஒன்றுதான். ஒரே பஸ், ஒரே வேகம். ஆனால் கம்பம் தெரியவில்லை, கோபுரம் தெரிகிறது. கண்ணுக்குக் கம்பம்தான் பெரிதாகத் தெரியும், ஆகவே இதில் அளவு இல்லை, வெளிச்சம் இல்லை, மெதுவு வேகம் என்ற பேச்சே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. கம்பம் பக்கத்தில் இருக்கிறது, கோபுரம் தூரத்தில் இருக்கிறது.

அவளுக்குத் தன்னையே தலையில் குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கண்ணுக்கு மீட்டர் தெரியாது, முழம் தெரியாது. ஒரு பொருள் எத்தனை வேகமாக ஓடுகிறது என்று கண் அளப்பதில்லை. அதன் பிம்பம் கண்ணுக்குள் எத்தனை வேகமாக இடம் மாறுகிறது என்று மட்டுமே அளக்கிறது. அந்த வாசல்களில் நிற்கும் காவலாளிகள் பார்ப்பது பிம்பத்தைத்தான், ஆளை அல்ல. மூக்குக்கு முன்னால் விரலை ஒரு சாண் நகர்த்தினால் அது பார்வையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாய்ந்துவிடும். மைதானத்துக்கு அப்பால் ஒருவன் ஒரு முழு எட்டு வைத்தாலும் அது பார்வையில் ஒரு விரல் அகலம்கூட நகராது. ஆகவே பேப்பர்காரன் நடந்தாலும் சின்னவளின் கண்ணுக்குள் ஊர்ந்தான். பிள்ளை ஊர்ந்தாலும், அம்மாவின் காலடியில் ஊர்ந்ததால், கண்ணுக்குள் பறந்தது.

விடை கிடைத்ததும் வருகிற சந்தோஷம் வந்தது. அது அடுத்த நிறுத்தம் வரைகூட நிற்கவில்லை. அந்த விடைக்கு என்ன பொருள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கிற எதுவும் தங்கைக்குத் தெரியப் போவதில்லை. தள்ளி இருக்கிற எல்லாம் தெரியும்.

சின்னவள் இன்னும் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் வீடு பாதி வீடு, பாதி பட்டறை. திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர் அவர். பெரிய ஜன்னல்களுக்கான துணியை முழு நீளத்துக்கு விரித்து வெட்ட வேண்டும் என்பதால் கீழ்த்தளம் முழுவதும் தடுப்பே இல்லாத ஒரே நீளக் கூடம். சுவரோரம் தையல் இயந்திரங்கள் உறை போட்டு நின்றன. விடுமுறை நாளாதலால் ஆட்கள் இல்லை. தரை சுத்தமாகத் துடைத்திருந்தது. ஊசி ஒன்றுகூடக் கிடக்காதபடி நாத்தனார் காந்தத்தைக் கட்டி இழுத்துத் தேடியிருந்தார். பிள்ளை வருகிறதென்று செய்த காரியம் அது. வாயைத் திறந்து அதைச் சொல்கிறவர் அல்ல.

"வாங்க வாங்க. ஈக்காரியும் வந்தாச்சா? எப்படிப் போகுது ஈ ஓட்டுறது?" கழுத்தில் அளவு நாடா தொங்க, பிள்ளையைக் கைநீட்டி வாங்கினார். பிள்ளை விழித்துக்கொண்டு அவர் மூக்கைப் பிடித்தது. பிறகு சின்னவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் நினைக்காதம்மா. உன்கிட்டேர்ந்து பிடுங்குறேன்னு நினைச்சுடாத."

"இல்ல அண்ணி," என்றாள் சின்னவள். "நீங்க இல்லைன்னா யாரு பாத்துக்குவா?"

பெரியவள் குறுக்கே புகுந்தாள். "கொஞ்சம் இருங்க. ஒண்ணு பாக்கணும். பிள்ளையை அந்தக் கோடிச் சுவர்கிட்ட கொண்டுபோய் விடுங்க. நீ இந்தச் சுவரோட ஒட்டி உட்காருடி."

"எதுக்கு?"

"சொல்றேன். உட்காரு."

நாற்காலி போட்டுச் சின்னவளை உட்கார வைத்தாள். கூடத்தின் மறு கோடியில் நாத்தனார் பிள்ளையை இறக்கிவிட்டு, மரப்பாச்சி உயர நூல்கண்டு ஒன்றை உருட்டிவிட்டார். நூல்கண்டு பக்கவாட்டில் ஓடியது. பிள்ளை அதைப் பார்த்தது. அதன் பின்னால் கிளம்பியது.

சின்னவள் முன்னால் சாய்ந்தாள்.

"அக்கா," என்றாள். "அவ... ஒரு காலை மடிச்சு உக்காந்துக்கறா. மறு காலால தள்றா. தவழவே இல்ல! நொண்டியடிச்சுட்டுப் போறா!"

"ஆமா," என்றாள் பெரியவள்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஆரம்பிச்சதுலேர்ந்தே அப்படித்தான்."

"ஏன் யாருமே எனக்குச் சொல்லல?"

எல்லோரும் தினமும் பார்த்த ஒன்று. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "முட்டி போட்டு நாலு கால்ல வருவான்னு நினைச்சுட்டே இருந்தேன். மனசுக்குள்ள அப்படித்தான் ஓட்டிப் பாப்பேன். தப்பா ஓட்டியிருக்கேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பிள்ளை திரும்பியது. அம்மாவைக் கண்டுகொண்டது. நூல்கண்டை மறந்துவிட்டு, ஒரு காலை மடித்து மறு காலால் தள்ளித் தள்ளி, கூடத்தின் நீளத்தில் ஆடி அசைந்து அவளை நோக்கி வரத் தொடங்கியது.

"வர்றா," என்றாள் சின்னவள். "வர்றா, வர்றா, வாடா கண்ணு, வா." இரண்டு கைகளையும் நீட்டினாள். பாதிக் கூடம் வந்தது. முக்கால் கூடம் வந்தது.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. முகம் மாறியது. பெரியவள் அந்த முகத்தை அறிவாள்.

"இருக்கா," என்றாள் சின்னவள் மெல்ல. "இப்ப இன்னும் கிட்ட இருக்கா." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. பிள்ளை அவள் முழங்காலைப் பிடித்து எழுந்தபோது உடம்பு தூக்கிப்போட்டது, ஆனாலும் அலறவில்லை. பிள்ளையை வாரி மடியில் வைத்து, அதன் தலையைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் பிள்ளையின் அசைவு முழுவதும் உடம்புக்குத் தெரிந்தது.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலம்பாங்க," என்றாள் மூடிய கண்ணோடு. "எனக்குக் கைக்கு எட்டினா கண்ணுக்கு எட்டாது. அப்படித்தானேக்கா?"

"அப்படித்தான்டி."

"சரியாகுமா?"

பொய் ஒன்று நாக்கு வரை வந்தது. "ஆகாதுடி."

நாத்தனார் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "அப்ப தூரத்துலேர்ந்தா தெரியுது?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா. எவ்வளவு தூரம்னு பாக்கணும்."

நாத்தனார் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிக் கொடுத்தார். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியையும் எடுத்து வந்தார். அன்று பிற்பகல் முழுவதும் பிள்ளைக்கு விளையாட்டு, மற்ற மூவருக்கும் வேலை. பிள்ளையை மறுபடி மறுபடி கோடியில் விடுவார்கள். அது அம்மாவை நோக்கி வரும். சின்னவள் "போச்சு" என்று சொல்லும் இடத்தில் பெரியவள் தரையில் ஒரு கோடு கிழிப்பாள். பிள்ளை களைத்து மெதுவாக வந்தால் கோடு கொஞ்சம் அருகே விழும், குஷியாக வந்தால் தள்ளி விழும். குறுக்காகப் போக விட்டும் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சின்னவள் அந்தச் சொல்லை அலுக்காமல், அழாமல், தெளிவாகச் சொன்னாள். போச்சு. போச்சு. இங்க போச்சு.

கடைசியில் பெரியவள் எல்லாக் கோடுகளுக்கும் அப்பால், ஒன்றிரண்டு அடி கூடுதலாக விட்டு, தடித்த கோடு ஒன்று போட்டாள். நாடாவால் அளந்தாள். சின்னவளின் நாற்காலியிலிருந்து ஐந்து மீட்டர்.

"எங்க வீட்ல எந்தச் சுவருக்கும் எந்தச் சுவருக்கும் நடுவுல அஞ்சு மீட்டர் இருக்கு?" என்றாள் சின்னவள். "மூணு இருந்தா அதிகம்."

நாத்தனார் மெஷின் ஒன்றின் உறையை இழுத்துச் சரிசெய்தார். "மேல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு," என்றார், உறையிடமே சொல்வது போல. "தம்பி வேலை முடிஞ்சா இங்க வரட்டும். பஸ்ஸு ஓடாமலா இருக்கு? பகல்ல ஆளுங்க தைக்கிறப்ப, கூடத்துல பாதியைத் தடுத்து விட்டுடறேன். நீளவாக்குல."

சின்னவள் தலையை ஆட்டினாள். பிறகு பிள்ளையை முத்தமிட்டு, நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் அதைக் கோடிச் சுவருக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

பெரியவள் தேரைக்காரருக்கும் தங்கையின் கணவனுக்கும் பிறகு ஒரே மாதிரிதான் சொன்னாள், ஏனென்றால் அதைச் சொல்ல வேறு வழியில்லை. ஐந்து மீட்டருக்கு அப்பால் பிள்ளை நகர்வது சின்னவளுக்குத் தெரியும், இப்பால் தெரியாது. அதனால் அம்மா இந்தச் சுவரோரம் உட்கார வேண்டும், பிள்ளை அந்தச் சுவரோரம் விளையாட வேண்டும், பிள்ளைக்குக் கை எட்டுகிற தூரத்தில் அத்தை இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் அத்தை தூக்கிவிட வேண்டும். அம்மா மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், பிள்ளை தூங்கிய பிறகு கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.